தட்டாமலே திறக்கப்படும்

அமெரிக்க சிட்காம் ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரராக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு வந்துவிட்டது. நல்ல ஆசைதான். கதாநாயகனுக்கு ஆயிரம் தொல்லை. வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைக் கட்டி மேய்க்க வேண்டும், மனைவியின் பிறந்த நாளை மறந்துவிட்டு இருபத்திரண்டு நிமிடம் திண்டாட வேண்டும். உங்களுக்கு அதெல்லாம் கிடையாது. வருவீர்கள், எதையாவது சொல்வீர்கள், எதையாவது உடைப்பீர்கள், எதையாவது தின்பீர்கள், போய்விடுவீர்கள். உங்கள் வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று ஒன்பது வருடம் ஓடினாலும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

அதற்காக இது சுலபமான உத்தியோகம் என்று குதித்துவிடாதீர்கள். எழுபது வருடத்துக்கும் மேலாக இந்தத் தொழிலில் பெரிய பெரிய கைகள் இருந்திருக்கின்றன. அவர்கள் விழுந்து எழுந்து கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். விழுந்தது சிலர் விஷயத்தில் நிஜமாகவே.

முதலில் கதவு

தட்டாதீர்கள். அழைப்பு மணிப் பக்கம் போகவே போகாதீர்கள். தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்பார்கள், நீங்கள் "நான்தான்" என்பீர்கள், அவர் எழுந்து வந்து தாழ்ப்பாளை நீக்க வேண்டும். ஐந்து விநாடி போச்சு. எபிசோடுக்கு நாலு தடவை வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'சைன்ஃபெல்ட்' தொடர் மொத்தம் 180 எபிசோடு. பெருக்கிப் பாருங்கள், முழுசாக ஒரு மணி நேரம் தாழ்ப்பாளுக்கே போயிருக்கும். எந்தத் தயாரிப்பாளர் தருவார்?

இந்த சூட்சுமம் அந்தத் தொடரின் பக்கத்து வீட்டுக்காரர் கிரேமருக்கே முதலில் தெரியாது. 1989 ஜூலை 5 அன்று என்.பி.சி.யில் வந்த முதல் எபிசோடைப் பாருங்கள். கிரேமராக நடித்த மைக்கேல் ரிச்சர்ட்ஸ் கதவைத் தட்டுகிறார்! கையில் இரண்டு ரொட்டித் துண்டு. நடுவில் வைக்க இறைச்சி கிடைக்குமா என்று விசாரிக்கிறார். பெயர்கூட கிரேமர் இல்லை, கெஸ்லர். பத்து வருடமாகக் கட்டடத்தை விட்டு வெளியே போகாத ஆசாமி என்று அறிமுகம். தட்டிவிட்டு வருகிற, எங்கேயும் போகாத கெஸ்லர் என்று ஒருவர் தொடர்ந்திருந்தால் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? தட்டுவதை நிறுத்தினார், பிழைத்தார்.

நிறுத்தியதோடு விடவில்லை, நுழைவதையே ஒரு வித்தையாக்கினார். கதவு திறக்காது, வெடிக்கும். முதலில் தலைமுடி வரும், பிறகு தோள். கால் இன்னும் வராந்தாவில் இருக்கும்போதே உடம்பு ஹாலுக்கு நடுவில் இருக்கும். ஷூ தரையில் சறுக்க, இடுப்பு ஒரு பக்கம் ஒடிய, கை பிடிமானம் தேடிக் காற்றைத் துழாவ, கடைசியில் ஆள் ஒரு உதறு உதறி நிமிர்ந்துவிடுவார். எல்லாம் ஒன்றிரண்டு விநாடிக்குள். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவர்கள் அதற்குள் கைதட்ட ஆரம்பித்திருப்பார்கள். மற்ற நடிகர்கள் வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். தாளம் கெடுகிறது என்று, அவர் வரும்போது தயவுசெய்து கைதட்டாதீர்கள் எனத் தயாரிப்பாளர்கள் ஆடியன்ஸைக் கேட்டுக்கொள்ளும்படி ஆனது. கூட நடிப்பவர்கள் சிரித்து டேக்கைக் கெடுத்தால் ரிச்சர்ட்ஸுக்குப் பிடிக்காது. பார்க்கத்தான் தாறுமாறு, ஒவ்வொரு கோணலும் அளந்து வைத்தது. மூன்று எம்மி விருது சும்மா வந்துவிடவில்லை.

வீட்டில் பழகிப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். நான் பார்த்தேன். எங்கள் ஃப்ளாட்டில் எதிர் வீட்டு மாமியின் வாசலில் முதலில் ஒரு இரும்பு கிரில் கேட், அதற்குப் பூட்டு, அப்புறம் மரக்கதவு, கதவில் எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேலே பிள்ளையார். வேகமாகப் போய்த் தோளால் இடித்ததில் கேட் கடகடவென்று ஆடியதோடு சரி. "கறிவேப்பிலையா வேணும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆமா மாமி" என்றேன். வேறென்ன சொல்வது? ஒரு கொத்து வாங்கிக்கொண்டு தோளைத் தடவியபடி திரும்பினேன். நுழைவு படுதோல்விதான், ஆனால் வெறுங்கையோடு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் ஃப்ரிட்ஜ்

கதவைத் தாண்டியதும் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போய்விடுங்கள். "நல்லா இருக்கீங்களா" எல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். வாயில் ஏதாவது இருக்கும்போது கேட்டால் இன்னும் விசேஷம்.

இந்த மரபுக்கு மூலபுருஷர் எட் நார்ட்டன். 1955-56ல் சி.பி.எஸ்.ஸில் 39 எபிசோடு வந்த 'தி ஹனிமூனர்ஸ்' தொடரில் மாடி வீட்டுக்காரர். ஆர்ட் கார்னி நடித்தார். நியூயார்க் பாதாளச் சாக்கடையில் வேலை, தலையில் நசுங்கிய தொப்பி, பனியனுக்கு மேல் பொத்தான் போடாத வேஸ்ட் கோட். கீழ் வீட்டு ரால்ஃப் கிராம்டன் பஸ் டிரைவர், எப்போதும் கொதிநிலையில் இருப்பவர். அந்த வீடு என்பது ஒரு மேஜை, ஒரு ஐஸ் பெட்டி, ஒரு தொட்டி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அவ்வளவு ஏழ்மையான வீட்டிலும் நார்ட்டன் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பார். ஒரு கையெழுத்துப் போடச் சொன்னால் போதும், முதலில் சட்டைக் கையை உதறுவார், விரல்களை நீட்டுவார், பேனாவைக் காற்றில் நாலு சுற்று சுற்றுவார், காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவிடுவார். ரால்ஃபின் முகம் சிவந்துகொண்டே வரும். அந்தச் சிவப்புதான் உங்கள் சம்பளம். நீங்கள் அடிக்கும் ஜோக்குக்கு ஊர் சிரிப்பது கொஞ்சம்தான். அதைத் தாங்க முடியாமல் வீட்டுக்காரர் படும் பாட்டுக்குத்தான் நிறையச் சிரிக்கும்.

சரி, இவ்வளவு தின்றும் ஏன் உங்களை அடித்து விரட்டுவதில்லை? அன்பு, நட்பு என்று கதாசிரியர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். காரணம் தச்சு வேலை. 1951ல் 'ஐ லவ் லூசி' ஆரம்பித்தபோது, ஆடியன்ஸை முன்னால் உட்கார வைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களை வைத்து, நாடகம் போல நடிக்க நடிக்கப் படம் பிடிக்கும் முறை நிலைபெற்றது. நிரந்தர செட் இரண்டோ மூன்றோதான். சோபா ஆடியன்ஸைப் பார்த்திருக்கும், பக்கத்தில் ஒரு கதவு. கதாநாயகனைத் தெருவுக்கு அனுப்பினால் தெருவைக் கட்ட வேண்டும், பணம் செலவாகும். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தால் ஒரு பைசா செலவில்லை. தெருவில் நடப்பது, ஊரில் கேட்டது, புதுசாக ஒரு கிறுக்குத் திட்டம், எல்லாவற்றையும் அவர் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆக, நீங்கள் தின்னும் சாண்ட்விச், கட்டாத தெருவின் விலை. கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அளவு மீறினால் சாவி போய்விடும். கிரேமரின் தொல்லை பொறுக்காமல் எதிர் வீட்டு ஜெர்ரி தன் மாற்றுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்ட எபிசோடு 1992ல் வந்தது. சாவி போன துக்கத்தில் கிரேமர் கலிஃபோர்னியாவுக்கே கிளம்பிப் போய்விட்டார். அழுதுகொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். போன இடத்தில் 'மர்ஃபி பிரவுன்' என்ற இன்னொரு சிட்காமுக்குள்ளேயே போய்க் காரியதரிசியாக உட்கார்ந்துவிட்டார். ஒரு கதவு சாத்தினால் அடுத்த தொடரின் கதவை முட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் தட்டாமல்.

எடுக்காமல் கொடுக்கிற ஜாதியும் ஒன்று உண்டு. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் நெட் ஃப்ளாண்டர்ஸ். எவர்கிரீன் டெரஸில் 742 கதாநாயகன் ஹோமரின் வீடு, 744 இவர் வீடு. இவர் வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் ஹோமர் வீட்டில்தான் இருக்கும், திரும்பி வராது. புன்னகை மாறாத பக்திமான். இவரைப் பார்த்தாலே ஹோமருக்கு எரியும். நீங்கள் நல்லவராக இருந்துதான் தீருவேன் என்று அடம்பிடித்தால் இந்த வழியில் போகலாம். ஆனால் நல்லவராக இருப்பது கார்ட்டூனில் நடித்தால்தான் கட்டுப்படியாகும் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டைக் காட்டாதீர்கள், முகத்தைக்கூட

அடுத்தவர் வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் இருங்கள். உங்கள் வீட்டுக்குள் மட்டும் கேமராவை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறவர்கள் கற்பனை செய்துகொண்டே இருக்க வேண்டும். கிரேமரின் 5பி வீட்டை நாம் பார்த்தது கொஞ்சம்தான். பார்த்த நேரத்தில் குளித்துக்கொண்டே ஷவருக்கு அடியில் சாலட் செய்துகொண்டிருந்தார். இன்னொரு தடவை குப்பைத்தொட்டியில் கிடைத்த பழைய டி.வி. பேட்டி நிகழ்ச்சியின் செட்டை ஹாலில் பொருத்தி, வருகிறவர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் காட்டினால் ஒருநாள் அவர் துணி மடிப்பதையும் காட்ட வேண்டியிருக்கும். அன்றைக்கு அவரும் நம்மைப் போல ஒரு மனிதர்தான் என்று தெரிந்துபோகும்.

உத்தியோகமும் அப்படித்தான். ஒன்பதாவது சீசனில் கிரேமருக்கு ஒரு வேலை இருந்தது திடீரென்று தெரியவந்தது. பேகல் ரொட்டிக் கடையில். பன்னிரண்டு வருடமாக வேலைநிறுத்தத்தில் இருந்தாராம்! இப்படி ஒரு உத்தியோகமாக இருந்தால் பரவாயில்லை.

முகவரி கேட்டால் 'ஐ லவ் லூசி' வழியைப் பின்பற்றுங்கள். லூசியும், அவருக்கு வீடு வாடகைக்கு விட்ட மெர்ட்ஸ் தம்பதியும் குடியிருந்தது கிழக்கு 68ஆம் தெரு, 623ஆம் எண். நியூயார்க்கில் அந்த எண்ணைத் தேடிப் போனால் ஈஸ்ட் ரிவருக்குள் இறங்க வேண்டியதுதான்.

முகத்தையே மறைத்தவர் வில்சன். 1991 முதல் 1999 வரை ஏ.பி.சி.யில் வந்த 'ஹோம் இம்ப்ரூவ்மென்ட்' தொடரில் கதாநாயகன் டிம்மின் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே மர வேலி. வேலிக்கு மேலே தொப்பியும் கண்ணும் மட்டும் தெரியும். சின்ன வயதில் வேலி உயரத்துக்கு எட்டாமல் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தை முழுசாகப் பார்க்க முடியாமல் போன, டிம்மாக நடித்த டிம் ஆலனின் ஞாபகத்திலிருந்து வந்த யோசனை இது. வேலி இல்லாத இடத்தில் பூந்தொட்டி, புத்தகம், முகச்சாயம் என்று எதையாவது வைத்து மூக்குக்குக் கீழே மறைத்துக்கொண்டே இருந்தார்கள். டிம் தன் குடும்பப் பிரச்சினையைச் சொல்வார். வில்சன் ஒரு தத்துவ ஞானியை மேற்கோள் காட்டி வழி சொல்வார். டிம் வீட்டுக்குள் போய் மனைவியிடம் அதை ஒப்பிக்கும்போது பாதி பெயர் மாறியிருக்கும், மீதி அர்த்தம் மாறியிருக்கும். ஏர்ல் ஹிண்ட்மன் எட்டு சீசன் இப்படியே கண்ணாலும் குரலாலும் நடித்தார். கடைசி எபிசோடு முடிந்து எல்லோரும் வணக்கம் சொல்ல வந்தபோது இவர் கையில் குட்டி வேலி ஒன்றைப் பிடித்தபடி வந்து, அதைக் கீழே இறக்கினார். முகத்தைக் காட்டும் நேரம் என்றால் அதுதான்: சம்பளமெல்லாம் வாங்கி முடித்த பிறகு.

வேவு பார்ப்பவர்கள் கவனத்துக்கு

உள்ளே போகாமல் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிற பிரிவு இது. நம் வீடுகளில் ஸ்டார் ப்ளஸ்ஸில் 'ஸ்மால் வொண்டர்' பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டு ஹேரியட்டைத் தெரியும். அந்த வீட்டுப் பெண் விக்கி ஒரு ரோபோ என்று கண்டுபிடித்துவிடுவாளோ என்று எத்தனை நாள் பதறியிருக்கிறோம். ஹேரியட்டின் குரு, 'பிவிட்ச்ட்' தொடரின் கிளாடிஸ் கிராவிட்ஸ். எதிர் வீட்டில் ஒரு சூனியக்காரி மூக்கை அசைத்து மாயம் செய்வதைக் கண்ணால் பார்ப்பார். அலறிக்கொண்டு போய்க் கணவரை இழுத்துவருவார். அதற்குள் எல்லாம் இயல்பாக இருக்கும். கணவர் திரும்பப் போய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். அந்தத் தெருவிலேயே உண்மையைப் பார்த்த ஒரே மனுஷி, பைத்தியம் என்று பெயர் வாங்கியவரும் அவர்தான். இந்தப் பிரிவில் சேர விரும்பினால் இந்த அநியாயத்துக்குத் தயாராக இருங்கள்.

அந்தப் பாத்திரத்தில் முதலில் நடித்த ஆலிஸ் பியர்ஸ், தொடர் ஆரம்பிக்கும் முன்பே தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துதான் நடிக்க வந்தார். 1966 மார்ச்சில் இறந்தார். எம்மி விருது அவர் பெயருக்கு வந்தபோது வாங்கிக்கொள்ளக் கணவர் போனார். அந்த எபிசோடுகளில் அவர் அலறுவதைப் பார்த்து இன்றும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். பிறகு சாண்ட்ரா கூல்ட் அதே கிளாடிஸாக வந்தார். 1969ல் எதிர் வீட்டுச் சூனியக்காரியின் கணவராக நடித்தவரே மாறிப்போனார், புதுமுகம் பழைய பெயரோடு உலாத்தினார். தெருவில் ஒரு பூனை நகர்ந்தால் கண்டுபிடிக்கிற கிளாடிஸ் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

குடும்பத்தில் இடம் பிடிக்க

இது பேராசைக்காரர்களுக்கான பாடம். 1989 டிசம்பரில், 'ஃபேமிலி மேட்டர்ஸ்' தொடரின் பன்னிரண்டாவது எபிசோடில், சிகாகோ போலீஸ்காரர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். பெரிய கண்ணாடி, சஸ்பெண்டர் போட்டு நெஞ்சு வரை தூக்கிய பேண்ட், மூக்கால் வரும் குரல். ஸ்டீவ் அர்க்கல். ஒரே ஒரு எபிசோடுக்குத்தான் ஜலீல் வைட்டை அழைத்திருந்தார்கள். வந்தான், பார்த்தான், எதையோ உடைத்தான், இருந்துவிட்டான்.

இருந்தது மட்டுமா! நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடக் கதையாக ஆரம்பித்த தொடர், கொஞ்ச நாளில் அவனுடைய விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளின் கதையானது. ஓர் இயந்திரத்துக்குள் புகுந்து வசீகரமான வாலிபனாக வெளியே வருவான். இதற்கு நடுவில் வீட்டின் கடைசிப் பெண் ஜூடி நாலாவது சீசனோடு காணாமல் போனாள். பெற்றோர் தேடவில்லை. அப்பா போலீஸ் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். பின்னாளில் அர்க்கலின் பெற்றோர் ரஷ்யாவுக்குப் போக, பையன் பெட்டியோடு இந்த வீட்டுக்கே குடிவந்தான். 1998ல் தொடர் முடியும்போது அந்த வீட்டு மூத்த பெண்ணோடு அவனுக்கு நிச்சயதார்த்தமும் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உத்தியோகத்தில் இதைவிடப் பெரிய பதவி உயர்வு கிடையாது. எனக்கு மட்டும் ஜூடியின் நினைவு அவ்வப்போது வரும்.

வீடு மாறலாமா?

பெயர் வந்ததும் சேனல்காரர்கள் தனித் தொடர் தருகிறோம் என்பார்கள். யோசியுங்கள். 'த்ரீஸ் கம்பெனி'யில் வீட்டுச் சொந்தக்காரராக வந்த ரோப்பர் தம்பதிக்கு 1979ல் தனித் தொடர் கொடுத்தார்கள். நார்மன் ஃபெல்லுக்குப் போக மனமில்லை. ஒரு வருடத்துக்குள் நின்றுவிட்டால் பழைய வீட்டுக்கே திரும்பி வரலாம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனதாக அவர் சொல்லியிருக்கிறார். தொடர் 1980 மே மாதத்தில் நின்றது. வருடக் கெடு தாண்டியிருந்தது. பழைய வீட்டில் அதற்குள் டான் நாட்ஸ் வீட்டுப் பொறுப்பாளராக வந்து, ஆடியன்ஸைக் கையில் போட்டுக்கொண்டிருந்தார். ரோப்பர் நடுத்தெருவில் நின்றார்.

மறுபக்கமும் உண்டு. 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரில் ஆர்ச்சி பங்கரின் பக்கத்து வீட்டில் இருந்த ஜெஃபர்சன் குடும்பம் 1975ல் குவீன்ஸைக் காலி செய்துகொண்டு மன்ஹாட்டன் மாடிக்குப் போய், 1985 வரை 253 எபிசோடு ராஜாங்கம் நடத்தியது. வித்தியாசம் எங்கே? ஜார்ஜ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக சலவைக் கடைகள் இருந்தன, சொந்தமாகத் தலைக்கனம் இருந்தது, சொந்தமாகக் கோபமும் இருந்தது. ரோப்பரின் கோபமெல்லாம் மாடியில் குடியிருக்கும் இளசுகளை நம்பி இருந்தது. உங்கள் கோபம் யாருடையது என்று பார்த்துவிட்டு லாரிக்குச் சொல்லுங்கள்.

மெர்ட்ஸ் தம்பதிக்கும் தனித் தொடர் யோசனை வந்தது. ஃப்ரெட்டாக நடித்த வில்லியம் ஃப்ராலி சரி என்றார், எத்தலாக நடித்த விவியன் வான்ஸ் முடியவே முடியாது என்றுவிட்டார். ஃப்ராலி அவரைவிட 22 வயது மூத்தவர். இந்தக் கிழவரை என் புருஷன் என்று எப்படி நம்புகிறார்கள் என்பது வான்ஸின் நிரந்தரக் குறை. அது ஃப்ராலி காதுக்கும் போயிற்று. திரையில் ஆறு வருடம் அந்நியோன்னியமாகச் சண்டை போட்டவர்கள் வெளியே பேசிக்கொள்வதே அரிது. அந்தச் சண்டைகளுக்கு அவ்வளவு உயிர் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

பாத்திரம் கை நழுவினால்

லேரி ஹேங்கின் என்று ஒரு நடிகர். கிரேமர் வேடத்துக்குப் போட்டியிட்டு, ரிச்சர்ட்ஸிடம் இழந்தவர். 1993ல் 'சைன்ஃபெல்ட்' தொடருக்குள்ளேயே ஜெர்ரியும் அவர் நண்பர் ஜார்ஜும் ஒரு தொடர் எடுக்கிற கதை வந்தபோது, அதில் கிரேமராக நடிக்க வரும் நடிகர் வேடம் ஹேங்கினுக்குக் கிடைத்தது. கிரேமராக நடிக்கவில்லை, கிரேமராக நடிப்பவராக நடித்தார். அதுவும் ஒரு பிழைப்புதான்.

அப்புறம் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் கீழ் வீட்டு ஹெக்கிள்ஸாக வந்தார். மேலே சத்தம் கேட்டால் துடைப்பக் கட்டையால் விட்டத்தை இடிக்கிற மனிதர். சில எபிசோடுகளோடு, 1995ல், செத்துப்போனார். அதற்கு முன்பே உயில் எழுதியிருந்தார்: மேல் வீட்டில் சத்தம் போடும் பெண்களுக்கே எல்லாம். அவர்கள் ஆசையாகப் போய்க் கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரை வரை குப்பை. தன் வீட்டை உயிரோடு இருக்கும்வரை காட்டாமல், போன பிறகு முழுசாகக் காட்டிய ஒரே பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

தொடர் முடிந்த பிறகு

கிரேமருக்கு அசல் ஒருவர் உண்டு. 'சைன்ஃபெல்ட்' தொடரை ஜெர்ரியோடு சேர்ந்து உருவாக்கிய லேரி டேவிட், மன்ஹாட்டன் பிளாசா என்ற குடியிருப்பில் வசித்தபோது எதிர் வீட்டில் இருந்தவர், கென்னி கிரேமர். அவருடைய பெயரைப் பயன்படுத்துவதில் இருந்த சிக்கலால்தான் முதல் எபிசோடில் கெஸ்லர் என்று வைக்க வேண்டியிருந்தது. தன் வேடத்தைத் தானே நடிக்க வேண்டும் என்று கேட்டார், கொடுக்கவில்லை. அசலைவிட நகல் நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

கென்னி மனம் தளரவில்லை. தொடர் உச்சத்தில் இருந்த 90களில் நியூயார்க்கில் ஒரு சுற்றுலா ஆரம்பித்தார். தொடரில் வந்த உணவகம், சூப் கடை என்று ஒவ்வோர் இடமாகப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, நடுநடுவே பழைய கதைகளைச் சொல்வார். கூட்டம் வந்தது. ஏறுகிறவர்கள் முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருக்க வேண்டியிருந்தது. சும்மா உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட முடியாது.